காதா, பெட்டியா

கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று விசேஷ வீடுகளில் பாட்டுப் போடுவது என் தொழில். முன்பு சவுண்ட் சர்வீஸ் என்றார்கள், இப்போது டிஜே என்கிறார்கள். நல்லம்பள்ளியில் எங்கள் வீட்டை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. ஒரு காலத்தில் அதில் தக்காளிக் கூடைகளை அடுக்குவோம். இப்போது ஸ்பீக்கர் பெட்டிகளும் வயர்ச் சுருள்களும் விளக்குக் கம்பங்களும் நிற்கின்றன. என்னோடு தொழிலில் இருப்பவர் என் மனைவியின் அண்ணன், என் மச்சான். பெட்டிகளை ஏற்றி இறக்குவது, குட்டியானை வண்டியை ஓட்டுவது, ஜெனரேட்டரைப் பார்த்துக்கொள்வது அவர். பாட்டும் மிக்ஸரும் நான்.

ஸ்பீக்கர் விஷயத்தில் எனக்கு ராசி கிடையாது. முதன்முதலில் வைத்திருந்தவை உள்ளூர்த் தச்சரிடம் சொல்லிச் செய்த பேஸ் பெட்டிகள். போனில் ஒரு படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்றேன். அவர் பீரோ செய்கிற கணக்கில் செய்து கொடுத்தார். பார்வைக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் பேஸ் அதிர அதிரப் பெட்டி நடக்கும். மேடையின் ஓரத்தில் வைத்துவிட்டு நாலைந்து பாட்டுப் போட்டால் ஒரு முழம் தள்ளி நிற்கும். ஒரு வளைகாப்பில், எல்லோரும் வளையல் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அது பாட்டுக்கு நடந்து போய்ப் படியிலிருந்து கீழே இறங்கிவிட்டது. நல்லவேளை, கீழே யாரும் இல்லை. விழுந்த பிறகும் பாடிக்கொண்டிருந்தது.

அடுத்து வாங்கியவை ஓசூரில் ஒருவர் பயன்படுத்தி விற்றவை. சத்தம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் யாருடைய செல்போனுக்காவது அழைப்பு வந்தால் பெட்டி முன்கூட்டியே டிட்டிட் டிட்டிட் என்று இரையும். யாருக்குப் போன் வரப்போகிறது என்பது பாக்கெட்டுக்குச் சொந்தக்காரருக்குத் தெரியும் முன் மண்டபத்துக்கே தெரிந்துவிடும். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு தடவை அப்படி இரைந்தது. அவர் மந்திரத்தை நிறுத்தி, மடியிலிருந்து தன் போனை எடுத்துப் பார்த்தார். அவருக்குத்தான் அழைப்பு.

அடுத்தவர்களின் பெட்டிகளையும் கேட்டிருக்கிறேன். வத்தல்மலையில் ஒரு திருவிழாவுக்குப் போயிருந்தபோது மரத்தில் ஒரே ஒரு கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி அறிவிப்புச் செய்தார்கள். தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். ஒரு வார்த்தை எனக்கு விளங்கவில்லை. என் பக்கத்தில் இருந்த மலைக்காரப் பெண் எழுந்து, "வாங்க, சோறு போடறாங்களாம்" என்றார். "எப்படிங்க புரிஞ்சுது?" என்று கேட்டேன். "இந்நேரத்துக்கு வேற என்ன சொல்லப் போறாங்க?" என்று நடந்தார்.

இவையெல்லாம் சிரிக்கிற கதைகள். ஆனால் மூன்றாவதாக வாங்கிய ஜோடி என்னைச் சிரிக்கவிடவில்லை.

பெங்களூரில் ஒரு கடையில் புதிதாகவே வாங்கினேன். ஆளுயரக் கம்பியின் மேல் ஏற்றி வைக்கிற டாப் பெட்டிகள். கறுப்புப் பெயின்ட்டும் முன்னால் வலைத்தகடுமாகப் பார்க்க மிடுக்காக இருந்தன. முதல் சில விசேஷங்களில் அருமையாகப் பாடின. அப்புறம் ஒரு நாள் அரூர் பக்கம் ஒரு ரிசப்ஷனில், ஒரு பெண் குரல் உச்சத்துக்குப் போகும் இடத்தில், அந்தக் குரலோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு சத்தம் கேட்டது. பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு போல ஒரு நமநமப்பு. குரல் இறங்கியதும் போய்விட்டது. அடுத்த பாட்டில் நாகஸ்வரம் ஏறும் இடத்தில் மறுபடி வந்தது.

மச்சானைக் கூப்பிட்டு, இடதுபக்கப் பெட்டியின் முன்னால் நிறுத்தினேன்.

"ஏதாச்சும் கேக்குதுங்களா மச்சான்?"

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். "பாட்டுக் கேக்குது மாப்ள."

"அது இல்லீங்க. அதுக்கு உள்ள, நமநமன்னு."

"ஒண்ணும் இல்லீங்களே. ஜோராத்தான பாடுது!"

ஆடிக்கொண்டிருந்த பையன்களும் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர்கள் போட்ட கூச்சலில் கவனித்திருக்கவும் முடியாது. வீட்டுக்கு வந்து கொட்டகையில் பெட்டிகளை மெதுவான சத்தத்தில் பாடவிட்டுக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. சத்தத்தைக் கூட்டிக் கேட்கலாமென்றால் பக்கத்து வீட்டில் கைக்குழந்தை. அதனால், ஏதோ பிரமை என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அடுத்த விசேஷத்திலும் கேட்டது. அதற்கடுத்ததிலும். எனக்கு மட்டும்.

அப்போதுதான் பாலக்கோட்டில் என்னைப் போலவே பாட்டுப் போடுகிற ஒருவரைச் சந்தித்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். டீக்கடையில் உட்கார்ந்து, "இந்த மாசம் எத்தன முகூர்த்தம் புடிச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். அவர், "ஆமாங்க, சர்க்கர கம்மியாத்தான் போடச் சொன்னேன்" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் எனக்கு அதே யோசனை. இல்லாத சத்தம் கேட்பது, இருக்கிற சத்தம் கேட்காமல் போவதற்கு முதல் படியாக இருக்குமோ?

எங்கள் தொழிலில் விசேஷம் முடிந்து வீட்டுக்கு வந்தால் காதுக்குள் ஙொய் என்று கொஞ்ச நேரம் ஓடும். எல்லோருக்கும் உள்ளதுதான். தூங்கி எழுந்தால் போய்விடும். நானும் இத்தனை வருடமாக அதைப் பொருட்படுத்தியதில்லை. இப்போது அது வந்தாலே எழுந்து உட்கார்ந்துகொண்டேன். இது பழைய ஙொய்யா, அந்த வண்டா? காது போய்விட்டால் மிக்ஸர் முன்னால் நான் நின்று என்ன பயன்?

ஒரு சுலபமான வழி இருந்தது. இடதுபக்கப் பெட்டியை வலப்பக்கமும் வலப்பக்கப் பெட்டியை இடப்பக்கமும் மாற்றி வைத்திருந்தால் போதும். சத்தம் பெட்டியோடு நகர்ந்தால் கோளாறு பெட்டியில், நகராவிட்டால் என்னில். எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் மாற்றி வைக்கவில்லை. மாற்றி வைத்தும் சத்தம் நகராமல் இருந்துவிட்டால் அப்புறம் நான் என்ன செய்வேன்? தெரியாத வரைக்கும் பாதி நம்பிக்கையாவது மிச்சம் இருந்தது.

அதற்குப் பதிலாக மிக்ஸரில் உச்ச ஒலிகளையெல்லாம் குறைத்துக்கொண்டே வந்தேன். வண்டு அடங்கியது. பாட்டும் அதோடு சேர்ந்து அடங்கியது. "என்னங்க, பாட்டு கம்பளியப் போத்துன மாதிரி இருக்குது" என்றார் ஒரு கல்யாணப் பெண்ணின் தகப்பனார். மாப்பிள்ளைத் தோழன் ஒருவன் இன்னொரு இடத்தில் வந்து, "ப்ரோ, பாடறவரு கெணத்துக்குள்ள இருக்காரா?" என்று கேட்டான். இருவருக்கும் ஆம்ப்ளிஃபையர் சூடாகிவிட்டது என்று ஒரே பதிலைச் சொன்னேன்.

வீட்டில் என் காதை நானே ரகசியமாகச் சோதித்துக்கொண்டிருந்தேன். குக்கர் விசில் பின்கட்டு வரைக்கும் கேட்கிறதா, குழாய் சொட்டுவது கேட்கிறதா, என் மனைவி முதுகைக் காட்டிக்கொண்டு பேசினால் புரிகிறதா என்று. ஒரு காலையில் சுவர்க் கடிகாரத்தின் கீழே கண்ணை மூடி, ஒரு காதில் விரலை விட்டுக்கொண்டு நின்றிருந்தேன். அவள் தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். வேலைக்குக் கிளம்பி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"மணி பாக்கறேன்."

"காதுலயா?"

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது நிஜமாகிவிடும் போல இருந்தது.

இப்படியே மாதக்கணக்கில் ஓடியது.

அதன் பிறகுதான் தொப்பூருக்குப் பக்கத்தில் அந்த ரிசப்ஷன் வந்தது. நெடுஞ்சாலையை ஒட்டிய மண்டபம். கணவாயில் இறங்கி வரும் லாரிகளின் ஹாரன் உள்ளேயே கேட்கும். மண்டபம் நீளவாக்கில் குறுகலாக இருந்ததால் வழக்கம்போலப் பெட்டியை மேடையை விட்டுத் தள்ளி நிறுத்த இடமில்லை. இடதுபக்கப் பெட்டியை மேடையின் படியோரம், மணமக்கள் நிற்கிற இடத்துக்குக் கை எட்டும் தூரத்தில் நிறுத்தினோம். என் மேஜை அதற்கு அடுத்து.

பொழுது சாயும் நேரத்திலேயே கூட்டம் சேர்ந்துவிட்டது. மணமகள் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவர் என்று சொன்னார்கள். மாலை கழுத்தை அழுத்த, வருகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டு, போட்டோவுக்குச் சிரித்து, அடுத்தவர்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். நான் உச்ச ஒலிகளைக் குறைத்து வைத்துத்தான் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் வந்து, "ஏம்பா, கணீர்னு போடேன். துக்க வூடு மாதிரி இருக்குது" என்று அதட்டினார். வேறு வழியில்லாமல் ஏற்றினேன். உடனே வண்டு வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது மேடையிலிருந்து மணமகள் என்னைப் பார்த்துக் கையசைத்தார். ஏதோ பாட்டுக் கேட்கிறார் என்று நினைத்துப் படியருகே போனேன். அவர் மாலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அண்ணா, இந்தப் பொட்டிக்குள்ள ஏதோ நமநமங்குது. காதெல்லாம் கூசுது. கொஞ்சம் அந்தாண்ட நகத்தி வையுங்களேன்."

ஒரு படி மேலே ஏறினேன்.

"என்னங்கம்மா சொன்னீங்க?"

"பொட்டிக்குள்ளங்க. வண்டு பூந்த மாதிரி."

"உங்களுக்குக் கேக்குதுங்களா?"

"கேக்குதாவா? தலையே வலிக்குதுண்ணா!"

"எப்பக் கேக்குது? பாட்டு மேல ஏறும்போதா?"

"ஆமா, ஏறும்போதுதான். எறங்குனா நின்னுருது."

"இன்னொரு தரம் சொல்லுங்கம்மா."

நான் குடித்திருக்கிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் பழக்கத்தில் பதிலுக்குக் கும்பிட்டார்.

ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்த மச்சானைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தேன். "இப்பவா மாப்ள? பந்தி நடந்துட்டிருக்குதுங்க" என்றார். இப்பவேதான் என்றேன். பாட்டை நிறுத்தி, இரண்டு பெட்டிகளையும் இறக்கி, இடம் மாற்றி ஏற்றினோம். இத்தனை மாதம் செய்யப் பயந்த வேலை டீ குடிக்கிற நேரத்தில் முடிந்துவிட்டது. அதே பாட்டைப் போட்டேன். மணமகள் பக்கம் சுத்தமாகப் பாடியது. வண்டு வலப்பக்க மூலைக்குப் போயிருந்தது. அங்கே ஓடிப் போய்ப் பெட்டியின் முன்னால் நின்று ஆசை தீரக் கேட்டேன். உலகத்தில் எந்தக் கச்சேரியையும் நான் அப்படிக் கேட்டதில்லை.

"மச்சான், பாருங்க! எப்படி இரையுது பாருங்க!"

அவர் வலைத்தகட்டோடு காதை ஒட்டினார். "நல்லாத்தான பாடுது மாப்ள?" என்றார். அவர் மனம் ஜெனரேட்டரில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

அந்தப் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு ஒற்றைப் பெட்டியிலேயே மீதி விசேஷத்தை ஓட்டினேன். பின்வரிசைக்குச் சத்தம் வரவில்லை என்று ஒருவர் வந்து சத்தம் போட்டார். நான் சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். மணமகள் சாப்பிடப் போகிற வழியில், "சரியாயிடுச்சாண்ணா?" என்று கேட்டார்.

"பொட்டி கெட்டே போச்சுங்கம்மா!" என்றேன்.

"கெட்டுப்போனதுக்கு ஏன் இவ்வளவு சந்தோசமா இருக்காரு?" என்று மாப்பிள்ளை அவரிடம் கேட்டது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எல்லாமே தெளிவாகக் கேட்டது.

மறுநாள் காலை மனைவியிடம் சொன்னேன். சிரிப்பாகச் சொல்ல ஆரம்பித்தவன் பாதியிலேயே தடுமாறிவிட்டேன். அவள் தோசைக் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பில் தோசை கருகியது.

"அதுக்குத்தான் நான் பேசறப்பல்லாம் தலையத் திருப்பித் திருப்பி நின்னீங்களா?"

"ஆமா."

"நான் என்னமோ, என் பேச்சே உங்களுக்குப் புடிக்காமப் போயிருச்சுன்னு..." என்றவள் அதற்கு மேல் சொல்லாமல் அடுப்பை அணைத்தாள். கருகிய தோசையைச் சுரண்டி எடுத்தாள். அப்புறம் திரும்பி, "பொட்டி கெட்டிருக்குதுன்னு தெரிஞ்சுது. சரி. காது நல்லாருக்குதுன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

எனக்கும் அந்தச் சந்தேகம் ஒரு மூலையில் இருந்துகொண்டுதான் இருந்தது. அவள் அன்றைக்கு லீவு போட்டாள்.

மூன்று பேரும் தருமபுரிக்குப் போனோம். நானும் அவளும் பஸ்ஸில். கெட்ட பெட்டியை ஏற்றிக்கொண்டு மச்சான் குட்டியானையில். அவர் பெட்டியை ரிப்பேர் கடையில் இறக்கிவிட்டு வருவதாக ஏற்பாடு. நாங்கள் நேராகக் காது மருத்துவரிடம் போனோம்.

காதைச் சோதிக்க ஒரு சின்ன அறை வைத்திருந்தார்கள். சுவரெல்லாம் பஞ்சு. கனமான கதவு. சோதிப்பவர் ஒரு இளம்பெண். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டார். என் தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "எவ்வளவு சின்னச் சத்தம் கேட்டாலும் அமுக்குங்க" என்றார். கதவைச் சாத்தியதும் வந்த அமைதி மாதிரி ஒன்றை நான் அனுபவித்ததே இல்லை. எச்சில் விழுங்கியது கேட்டது. சட்டைக் காலர் கழுத்தில் உரசியது கேட்டது. இத்தனை வருடம் ஊரையே அதிர வைத்துச் சம்பாதித்தவன், எறும்பு ஊர்வதுபோல ஒரு ஒலிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு பீப். அமுக்கினேன். அதைவிடச் சின்னதாக ஒன்று. அமுக்கினேன். சிலது நிஜமா, நானாக நினைத்துக்கொள்கிறேனா என்று தெரியவில்லை. அப்போதும் அமுக்கினேன்.

மருத்துவர் கோடு போட்ட தாளைப் பார்த்தார். என் மனைவி என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

"காது நல்லா இருக்கு. உங்க தொழிலுக்கு ரொம்பவே நல்லா இருக்கு" என்றார். "ஆனா விசேஷம் முடிஞ்சு வந்தா ஙொய்னு சத்தம் வருதுன்னு சொன்னீங்கள்ல? அதைச் சாதாரணமா நினைக்காதீங்க. காது கெஞ்சுற சத்தம் அது. இனிமேல் அடைப்பான் போட்டுக்கிட்டுத்தான் நிக்கணும்."

சரி சரி என்று தலையாட்டினேன். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் உடம்பு முழுவதும் லேசாகிவிட்டது. டோக்கன் நம்பரைக் கூப்பிடுவது, யாரோ சாவிக்கொத்தை ஆட்டுவது, தெருவில் பூக்காரம்மா முழம் விலை சொல்வது என்று ஒவ்வொரு சத்தமாகப் பொறுக்கிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மனைவி என் தோளில் ஒரு அடி போட்டாள். "இனிமே எதுன்னாலும் வாயத் தொறந்து சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன்.

அந்த நேரத்தில் மச்சான் வந்து சோதனை அறையின் வாசலில் எங்களைத் தேடிக்கொண்டு நின்றார். அந்த இளம்பெண் அவருக்குப் பின்னால் ஃபைல்களோடு வந்து, "சார், கொஞ்சம் வழி விடுங்க" என்றார். மச்சான் அசையவில்லை. மறுபடி சொன்னார். அசையவில்லை. மூன்றாவது தடவை அவர் தோளைத் தொட்டதும் பதறி விலகி, "அடடா, கவனிக்கலம்மா" என்றார். அந்தப் பெண் எங்களைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "இவரு உங்க கூட வந்தவரா? இவருக்குக் காது பாத்திருக்கீங்களா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டு நின்றும், நல்லாத்தான பாடுது என்று சொன்ன மனிதர்.

"எனக்கென்னங்க மாப்ள, நான் கல்லு மாதிரி இருக்கேன்" என்றார் மச்சான்.

"அண்ணா, ஒரு தரம் உள்ள போயிட்டு வாங்க" என்றாள் என் மனைவி.

தங்கை சொல்லைத் தட்டாமல் போனார். கண்ணாடி வழியாக அவர் தெரிந்தார். பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு, பட்டனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுத வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆரம்பத்தில் அமுக்கினார். அப்புறம் அந்தப் பெண்ணின் விரல் குமிழைத் திருப்பிக்கொண்டே போனது, மச்சானின் கட்டைவிரல் அசையவில்லை. இன்னும் திருப்பினார். அசையவில்லை. அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. அடுத்த சத்தம் இன்னும் வரவில்லை என்று நினைத்துப் பொறுமையாகக் காத்திருந்தார். என் மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என்னோடு சேர்வதற்கு முன் அவர் கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுக்கிற பட்டறையில் பல வருடம் இருந்தவர். மருத்துவர் அதைக் கேட்டதுமே தலையை அசைத்தார். உச்ச ஒலிகள் இரண்டு காதிலும் போய்விட்டன, போனது வராது, ஆனால் இதற்கு மேல் போகாமல் காப்பாற்றலாம் என்றார். காதில் மாட்டும் கருவி வைத்தால் பேச்சுத் தெளிவாகப் புரியும் என்றும் சொன்னார். மச்சான் எல்லாவற்றையும் மருத்துவரின் உதட்டைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டார். இதுவரை எங்களிடமும் அப்படித்தான் பேசியிருக்கிறார் என்பது எனக்கு அப்போது புரிந்தது.

வெளியே டீக்கடையில் நின்றோம். இவ்வளவு நேரம் நான் பட்ட சந்தோஷம் எனக்கே கூச்சமாக இருந்தது. டீ பாதி குடித்த பிறகு மச்சான் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார்.

"உங்க அக்கா மேல தப்பே இல்ல மாப்ள."

"ஏங்க மச்சான்?" என்றேன். அவர் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"வாய்க்குள்ளயே முணுமுணுன்னு பேசறா, வேணும்னே பண்றான்னு ரெண்டு வருசமா அவகூட மல்லுக்கட்டிட்டிருக்கேன். அவ என்னடான்னா தொண்ட கிழியக் கத்தறேன்னு அழுவுறா. எங்களுக்குள்ள என்னமோ விட்டுப்போச்சுன்னே நெனச்சுட்டேன்." முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "காதுதானா! இது தெரிஞ்சிருந்தா எப்பவோ வந்திருப்பேனே."

அங்கேயே நின்றபடி தன் மனைவிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி, "இந்தா, உம்மேல தப்பில்லயாம். டாக்டரே சொல்லிட்டாரு" என்றார். அந்தப் பக்கம் அக்கா என்ன ஏது என்று பதறியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. என் மனைவி போனைப் பிடுங்கி நிதானமாக விளக்கினாள். விளக்கி முடிப்பதற்குள் இருவரும் அழுது சிரித்தார்கள். டீக்கடைக்காரர் எங்களுக்கு என்ன ஆனது என்று தெரியாமல் இன்னொரு டீ போட்டார்.

ரிப்பேர் கடையில் பெட்டியைப் பிரித்து வைத்திருந்தார்கள். உச்ச ஒலிகளைக் கொடுக்கிற சின்னத் தகட்டில் ஓரமாக ஒரு விரிசல். மெதுவாகப் பாடினால் ஒன்றும் தெரியாது. சத்தம் ஏறினால் விரிசலின் இரண்டு உதடுகளும் ஒன்றோடொன்று உரசும். கடைக்காரர் தகட்டைச் சுண்டிக் காட்டினார். வெங்காயத் தோல் மாதிரி இருந்தது. இதற்கா நான் இத்தனை நாள் தூக்கம் கெட்டேன் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். புதுத் தகடு போட்டதும் பெட்டி சரியாகிவிட்டது. இன்றைக்கும் ஓடுகிறது.

தொழிலில் சிலதை மாற்றிக்கொண்டோம். ஜெனரேட்டரை மண்டபத்துக்குப் பின்னால் தள்ளி வைத்து, மச்சானை விளக்குகள் பக்கம் மாற்றினேன். விசேஷம் நடக்கும்போது பட்டறைக்காரர்கள் போடுகிற பெரிய காதுமூடியைப் போட்டுக்கொள்கிறார். நான் பஞ்சு மாதிரி ஒரு அடைப்பானை வைத்துக்கொள்கிறேன். முன்பிருந்த சத்தத்தில் முக்கால்வாசிதான் இப்போது வைக்கிறேன். யாராவது இன்னும் ஏத்து என்று வந்தால், பெட்டியின் முன்னால் ஒரு பாட்டு முடியும் வரை நிற்கச் சொல்வேன். பாதிப் பேர் பாதிப் பாட்டிலேயே போய்விடுவார்கள்.

கருவி வந்து மாட்டிய முதல் வாரத்தில் மச்சானுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. சாப்பாட்டுத் தட்டு, பேப்பர், செருப்பு எல்லாமே கத்துகிறது என்றார். கழற்றிக் கழற்றி வைத்தார். அக்கா விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் பழகினார்.

ஒரு நாள் காலையில் காரிமங்கலத்தில் ஒரு காதுகுத்துக்குப் போக வேண்டியிருந்தது. பெட்டிகளை ஏற்றிவிட்டுக் கிளம்பலாம் என்று பார்த்தால் மச்சான் வண்டியை வாசலிலேயே நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். முகம் கவலையாக இருந்தது.

"மாப்ள, வண்டியில என்னமோ டிக்கு டிக்குனு சத்தம் வருது. வழியில நின்னுக்கிட்டா வம்பு. மெக்கானிக்கிட்டக் காட்டிட்டுப் போயிரலாமா?"

நான் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டேன். வலது இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருந்தது. டிக் டிக் டிக். கையால் அதை நிறுத்தினேன். சத்தம் நின்றது. மறுபடி போட்டேன். சத்தம் வந்தது.

மச்சான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கேட்டார். "இது முன்னாடியும் வருமா?"

"எப்பவும் வருங்க மச்சான்."

அவர் இன்னும் இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டார். அப்புறம் என்னைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். காரிமங்கலம் போய்ச் சேரும் வரை, திரும்ப வேண்டிய இடத்துக்கு வெகுதூரம் முன்பிருந்தே இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு ஓட்டினார்.